அயல்நாட்டு உதவியும் மறிச்சுக்கட்டிப் பெண்டிரும்

மன்னார்ப் பெருநிலத்தின் தென்கோடியிலே, வில்பத்துக் காட்டின் வட எல்லையாய் ஓடும் மோதரகம் ஆற்றுக்கு அணித்தாய், முசலிப் பிரதேசத்தில் மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூர் உளது. வடக்கே கரடிக்குளி, கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு எனக் கரையோர ஊர்கள் தொடர்கின்றன. இன்று இவ்வூரின் பெயரைக் கேட்பார்க்குக் காடும் காணி வழக்குமே நினைவிற்கு வரும். ஆயின், சற்றேறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வூரின் பெயர் இலண்டன் நகரத்து முத்து வணிகரும் அறிந்த பெயராய் இருந்தது.

1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது இக்கரையிலே ஒரு நகரம் எழுந்தது. கிடுகும் பனையோலையும் கொண்டு, சில கிழமைகளுக்கெனவே கட்டப்பெற்ற அந்நகரில் நீதிமன்றம் இருந்தது, சிறைச்சாலை இருந்தது, வைத்தியசாலை, கடைத்தெரு யாவும் இருந்தன. கீழக்கரை முதலிய தமிழகக் கரையூர்களினின்றும், அதற்கப்பால் பாரசீக வளைகுடாவினின்றும் குளிகாரர் வந்து குழுமினர். அவ்வாண்டு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசிறைக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா சேர்ந்தது. கரைக்கு வந்த சிப்பியெல்லாம் கொட்டு எனப்படும் வேலியடைப்பினுள் மூன்று கூறாக்கப்பட்டன. இரு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளிகாரருக்கு. அடுத்த ஆண்டு முத்துக்குளிப்பில் இளம் அதிகாரியாய்ப் பணியாற்றிய லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழெய்தியவர், தம் வரலாற்று நூலில் இக்காட்சியை விரித்துரைத்துள்ளார். 1906ஆம் ஆண்டிலேயே முத்துப்பார்கள் ஓர் ஆங்கிலக் கூட்டுத்தாபனத்துக்குக் குத்தகையாய்க் கொடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டுக்குப் பின் பார்கள் வறண்டன; நகரமும் மணலாயிற்று.

அக்காலத்தில் அரபு நாட்டார் பிழைப்புத் தேடி இக்கரைக்கு வந்தனர். எழுபது ஆண்டுகள் கழிந்தபின் இலங்கைக் கரையூர்ப் பெண்கள் பிழைப்புத் தேடி அரபு நாட்டுக்குச் செல்லலாயினர். போனவள் துன்புற்றபோது அரசு அவளுக்கு யாது செய்தது? வீடிழந்து நின்றவளுக்கு அயல் அரசுகளின் கொடை எவ்வாறு வந்து சேர்ந்தது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். முத்துக்குளிப்புக் காலத்திற் போலவே, அரசின் கை எப்பொழுதும் ஓர் ஏட்டின் வழியாகவே நீள்கிறது. ஏட்டில் எவர் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதே உதவி எவரை அடையும் என்பதைத் தீர்மானிக்கிறது. கொடுப்போரின் மனம் எத்துணைப் பெரிதாயினும் இந்நிலை மாறுவதில்லை.

இதனை விளக்க 1990ஆம் ஆண்டினும் பொருத்தமான ஆண்டு வேறில்லை. அவ்வாண்டு மூன்று திங்களுக்குள் இலங்கைக் குடிமக்கள் இருமுறை பெருந்தொகையாய் வெளியேற நேர்ந்தது. ஒன்று நாட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. மற்றது நாட்டுக்குள்ளே நிகழ்ந்தது.

ஓகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுட் புகுந்தன. அப்போது அங்கே ஏறத்தாழ ஓரிலட்சம் இலங்கையர் இருந்தனர். அவருள் மிகப் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். எசமானர் ஓடிவிட, சம்பளமுமின்றிக் கடவுச்சீட்டுமின்றிப் பாலைவனங் கடந்து யோர்தான் நாட்டு முகாம்களை அடைந்து, சர்வதேச நிறுவனங்கள் ஏற்பாடு செய்த விமானங்களில் அவர்கள் தாயகம் திரும்பினர். அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை நிறுவிற்று. ஈராக்கின் எண்ணெய் வருவாயின் ஒரு பகுதியே அதன் நிதி.

அவ்வாணைக்குழுவின் முறை நம் கருத்துக்குரியது. தனியொருவர் நேரே சென்று கேட்க இயலாது. அவரவர் அரசே மனுக்களைத் திரட்டிக் கையளித்தல் வேண்டும். பேரிழப்புக்களை ஆராயுமுன் எளியோரின் மனுக்களுக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. 'அ' வகுப்பு எனப்பட்ட மனுவுக்கு ஒரே ஒரு செய்தியை நிறுவினாற் போதும்: குறித்த காலத்துள் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேறினார் என்பது. அதனை நிறுவியவருக்கு 2,500 டொலர். வேறு வகுப்பில் மனுச் செய்யேன் என்று ஒப்பியவருக்கு 4,000 டொலர். என்ன இழந்தாய், பற்றுச்சீட்டு எங்கே என்று எவரும் கேட்கவில்லை. பணம் வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன என்பது உண்மை. எனினும் எழுத்தறிவு குன்றிய பணிப்பெண் ஒருத்தி, தான் கண்டிராத ஒரு சபையினின்றும் தன் பெயருக்கே ஒரு தொகை பெற்றாள். இவ்வாணைக்குழு தன் பணியை 2022ஆம் ஆண்டு முடித்தபோது கொடுத்திருந்த மொத்தத் தொகை 5,240 கோடி டொலர். அதனுட் பெரும்பகுதி அரசுகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்குமே சென்றது. ஆயினும் முதலிற் பெற்றவர் எளியவரே என்பது சர்வதேச வழக்கில் ஒரு புதுமை. ஏடு எளிதாக அமையின் உதவி எளியோரை அடையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றினை யாம் அறியோம்.

இனி, அதே ஆண்டு ஒக்டோபர்த் திங்களின் இறுதி. வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஐந்து மாவட்டங்களினின்றும் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுள் அகற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவார் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். மறிச்சுக்கட்டி முதலிய முசலி ஊர்களும் வெறுமையாயின. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மக்களைத் தமிழின் பெயரால் ஆயுதந் தாங்கியோர் துரத்திய இந்நிகழ்ச்சியைத் தமிழ் எழுதுவோர் விரைந்து கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் நேர்மையுடையதன்று என்பதை ஈண்டுக் கூறாது அப்பாற் செல்ல மனம் ஒருப்படவில்லை.

புத்தளத்தின் உவர்நிலங்களிலே கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய அவ்வாழ்க்கை இருபது ஆண்டுகள் நீடித்தது. குவைத்திலிருந்து மீண்டவளுக்கு ஒரு சபை இருந்தது. முசலியிலிருந்து ஓடியவளுக்கு அத்தகைய சபை எதுவுமில்லை. உலர் உணவுப் பங்கீடு ஒன்றே அரசு அளித்த நிலையான உதவி. பின்னர் 2007ஆம் ஆண்டு உலக வங்கி 320 இலட்சம் டொலர் கடனுதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. கல்வீடும் காணி ஆவணமும் நீர் வசதியும் அதனாற் பலருக்குக் கிட்டின. ஆயின், 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்து ஊர் திரும்பும் வழி திறந்தபோது ஓர் இக்கட்டு எழுந்தது. வீடமைப்புத் திட்டங்கள் பொதுவாக 'வேறிடத்தில் நிரந்தர வீடு பெற்றிருக்கலாகாது' என்பதை ஒரு விதியாகக் கொள்வன. அடைக்கலம் புகுந்த ஊரில் ஒரு கூரை பெற்றவர் பிறந்த ஊரில் உரிமை குன்றியவராய்க் காணப்பட்டார்.

இதனோடு இன்னொரு பிரிவினையும் சேர்ந்தது. இடம்பெயர்ந்தோர் 'பழையோர்', 'புதியோர்' என இரு வகுப்பாராய் ஏட்டில் எழுதப்பட்டனர். 2008 ஏப்பிரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் பழையோர். பின் பெயர்ந்தவர் புதியோர். வன்னிப் போரின் இறுதியில் முட்கம்பி வேலிக்குள் அடைபட்டோரின் துயரைக் கண்ட உலகம் அவர்களுக்கே முதலில் உதவ விழைந்தது இயல்பே. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் மீள்குடியேறும் குடும்பத்துக்கு அளித்த 25,000 ரூபா உதவித் தொகை தொடக்கத்திற் புதியோருக்கே உரியதாயிற்று. இருபது ஆண்டு அகதி வாழ்வு உதவிக்குரிய தகுதியாகாமல், உதவிக்குத் தடையாயிற்று. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் வடபுல முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்துக்கு ஒரு தெளிந்த கொள்கை வேண்டுமென வற்புறுத்திற்று.

இக்காலத்தில் வந்த அயல் அரசுக் கொடைகளுள் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். 50,000 வீடுகள் என 2010 யூன் மாதம் அறிவிக்கப்பட்டது. செலவு 1,372 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்டது. இது கடனன்று; முழு நன்கொடை. முதல் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டப்பெற்றபின், 2012 ஒக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், இரண்டாம் கட்டம் தொடங்கிற்று. இதன் முறை சிறப்புடையது. ஒப்பந்தகாரர் வந்து வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்துச் செல்வதில்லை; வீட்டுக்குரியவரே கட்டுவித்தல் வேண்டும். புதுவீடாயின் 550,000 இலங்கை ரூபா, திருத்தமாயின் 250,000 ரூபா, கட்டடம் வளர வளரத் தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்கில் இடப்பட்டது. பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள், முதியோர், உடற்குறையுடையோர் ஆகியோருக்கு முன்னுரிமை வகுக்கப்பட்டது.

வங்கிக் கணக்கில் நேரே பணம் என்பது சிறிய செய்தியன்று. இடைத்தரகர்க்கு வேலையில்லை. கணவனை இழந்த ஒருத்தி மேசனோடு கூலி பேசுகிறாள். மணலுக்கும் சீமெந்துக்கும் விலை கேட்கிறாள். அத்திவாரத்தை அளந்து பார்க்கிறாள். அதே வேளையில், ஊரிலே எல்லா வீடுகளும் ஒரே காலத்தில் எழும்போது மேசனுக்கும் மணலுக்கும் விலை ஏறும், தவணை போதாது, நகை அடகுக் கடைக்குப் போகும். ஆள்துணையற்ற குடும்பத்துக்கு மண் சுமப்பதற்கும் கூலி கொடுத்தல் வேண்டும். முன்னுரிமை பெற்ற பெண்ணே கூடுதற் கடனும் பெற்றாள் என்பது இம்முறையின் மறுபக்கம். இந்திய அரசு மட்டக்களப்பிலே கணவரை இழந்த பெண்களுக்கென, அகமதாபாத்தில் 1972ஆம் ஆண்டு எழுந்த சேவா என்னும் பெண்கள் சங்கத்தைக் கொண்டு தொழிற்பயிற்சியும் அளித்தது. வீட்டோடு வருவாய்க்கும் வழி செய்தாலன்றி வீடு நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எனினும், மறிச்சுக்கட்டி போன்ற ஊரில் தவணைக்கும் முன்னே ஒரு கேள்வி நிற்கிறது: காணி எங்கே? 1990இல் ஒரு குடும்பமாய்ப் போனோர் 2010இல் மூன்று நான்கு குடும்பங்களாய்த் திரும்பினர். ஒரு வளவைத் தவிர வேறு காணி இல்லை. விட்டுச்சென்ற வயலிலும் வளவிலும் காடு முளைத்திருந்தது. 2012ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் ஒன்று மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியில் ஒதுக்குக் காட்டினை வரையறுத்தது; 2017 மார்ச் மாதம் மற்றோர் அறிவித்தல் மாவில்லு என்னும் பெயரில் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட காடாக்கிற்று. வளைகுடா நாட்டுக் கொடையாளரின் பொருளால் இப்பகுதியில் எழுந்த குடியிருப்புக்களும் இச்சர்ச்சையுள் அகப்பட்டன. கல்லாற்றுக் காட்டு நிலத்தில் நிகழ்ந்த குடியேற்றம் சட்டத்துக்கு மாறானதென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்த்தது. காட்டைக் காத்தல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. யானைக்கு வாக்குச்சீட்டு இல்லை என்பதற்காக அதன் காட்டை வெட்டல் முறையன்று. ஆயின் இருபது ஆண்டு ஒருவர் ஊரில் இல்லாமையை அவர் குற்றமாகக் கொண்டு எல்லைக்கோடு வரைவதும் முறையன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டக் கூடிய நில அளவைப் படத்தை மக்கள் ஊரில் இல்லாத காலத்தில் எவரும் பேணவில்லை என்பதே வேதனை.

காணி கிடைத்தது என்றே கொள்வோம். அது எவர் பெயரில்? ஈண்டுத்தான் பெண்ணின் நிலை மிக நுண்ணிதாய் மாறுகிறது. முடிக்குரிய நிலத்தைக் குடிமக்களுக்கு அளிக்கும் சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். உத்தரவுப்பத்திரம் பொதுவாகக் குடும்பத் தலைவரின் பெயரில் எழுதப்படும். அலுவலர் நோக்கில் தலைவர் என்றால் கணவர். அவர் இறந்தால் மனைவி வாழ்நாள் முழுதும் அனுபவிக்கலாம். ஆயின் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாதவள் அதனை விற்கவோ கைமாற்றவோ முடியாது. மறுமணஞ் செய்தால் அவ்வுரிமையும் அற்றுப்போம். பிள்ளைகளுள்ளும் சட்டத்தின் அட்டவணை மகனை முன்வைத்து மகளைப் பின்வைத்தது. பேரனுக்குப் பின்னே பேர்த்தி. தந்தைக்குப் பின்னே தாய். பெண் தலைமைக் குடும்பத்துக்கு முன்னுரிமை என்று அயல்நாட்டுக் கொடையாளர் எழுதிய விதி, அவள் நிற்கும் நிலத்தின் ஏட்டில் வந்து முட்டி நின்றுவிடுகிறது.

இதனை 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின் கிழக்கு மாகாணத்தார் நன்கு கண்டனர். அங்கே முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு சீதனமாக மகளுக்கே போவது தொன்றுதொட்ட வழக்கம். கடல் கொண்ட வீடு பெண்ணுடையது. உதவியாகக் கிடைத்த புதுவீட்டின் பத்திரமோ பல இடங்களில் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. கொடுத்த நாட்டார் எவரும் பெண்ணின் சொத்தைப் பறிக்க எண்ணினாரல்லர். படிவத்திலே ஒரு பெயருக்கே இடம் இருந்தது. அலுவலர் வழக்கம்போல் ஆணின் பெயரை எழுதினார்.

உலக அரங்கில் இக்குறை அறியப்படாததன்று. அமெரிக்கக் காங்கிரசு 1973ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டு உதவிச் சட்டத்திற் பேர்சித் திருத்தம் என்பதைச் சேர்த்து, உதவித் திட்டங்களில் பெண்களையும் பங்குகொள்ளச் செய்தல் வேண்டும் என விதித்தது. சுவீடன் 2014ஆம் ஆண்டு பெண்ணுரிமையைத் தன் வெளிநாட்டுக் கொள்கையின் பெயராகவே சூடிற்று. 2022ஆம் ஆண்டு ஆட்சி மாற அப்பெயரைக் களைந்தது. அமெரிக்காவின் உதவி நிறுவனமே 2025 யூலை முதலாம் நாளுடன் மூடப்பட்டது. கொடை நாட்டாரின் கொள்கை அவர்தம் தேர்தலோடு வரும், போகும். பெறுநாட்டின் காணிச் சட்டமோ எண்பது ஆண்டு அசையாது கிடந்தது.

இனி, அயல்நாடு சென்ற பெண்ணை நோக்குவோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் ஏட்டிற் பதிந்து சென்றவளுக்குக் காப்புறுதி உண்டு; முறையீட்டுக்கு இடமுண்டு. குவைத் முதலிய நாடுகளின் இலங்கைத் தூதரகங்களில் எசமானர் வீட்டினின்றும் ஓடிவந்த பெண்களுக்குப் புகலிடங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டு லெபனான் போரின்போது அங்கிருந்த பல்லாயிரம் இலங்கைப் பணிப்பெண்களுள் வெளியேற விரும்பியோரைச் சர்வதேச நிறுவனங்கள் ஐரோப்பிய நிதியுதவியுடன் மீட்டன. 1990இல் யோர்தான் வழியாகச் செய்ததே மறுமுறையும் செய்யப்பட்டது எனலாம்.

ஏடு பொய்க்குமாயின் நேர்வது யாது? மூதூர்ச் சிறுமி றிசானா நபீக்கின் வாழ்வு அதற்கு விடை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி அவள் பிறந்த ஆண்டு 1988, கடவுச்சீட்டின்படி 1982. வேலைக்கு அனுப்பும் பொருட்டு வயதைக் கூட்டி எழுதிய கை யாருடையதாயினும், 2005ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் அவள் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்தபோது பதினேழு வயதுப் பெண் அந்நாட்டு நீதிமன்றத்தின் முன் இருபத்துமூன்று வயதினளாய் நின்றாள். 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டுச் செலவினை ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் நிதி திரட்டி ஏற்றது. இலங்கை அரசின் வேண்டுகோள்கள் பயனளிக்கவில்லை. 2013 சனவரி 9ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவ்வாண்டே அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் முறையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் பணிப்பெண்ணாய்ச் செல்லுதல் தடுக்கப்பட்டது. நோக்கம் நன்றே. ஆனால் தந்தையர்க்கு இத்தகைய அறிக்கை எதுவும் இல்லை. கடனில் மூழ்கிய குடும்பத்துக்கு மாற்று வழியும் காட்டப்படவில்லை. கிராமத்து அலுவலர் கையொப்பமிட மறுத்தால், சுற்றுலா அனுமதியில் ஏறிப் பதிவின்றிச் செல்லும் வழியை முகவர் காட்டுவார். பதிவின்றிச் சென்றவளுக்கோ காப்புறுதி இல்லை. காக்கவென எழுதிய விதியே சிலரை ஏட்டுக்கு வெளியே தள்ளிற்று. 2022ஆம் ஆண்டு, நாட்டில் டொலர் அற்றுப்போன அந்நாட்களில், ஐந்து வயது என்பது இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகளின் நலன் அவ்வாண்டில் மாறிவிட்டதாக நாம் கொள்ள இயலாது. மாறியது திறைசேரியின் நிலை.

அதே 2022ஆம் ஆண்டு, பெரிதும் பேசப்படாத வேறொரு திருத்தமும் நிறைவேறிற்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் உரித்து அட்டவணையிலிருந்து ஆண்பாலாருக்கு இருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. இனி மகளென்னும் காரணத்தால் ஒருத்தி தம்பிக்குப் பின்னே நிற்கவேண்டியதில்லை. குவைத்திலும் கட்டாரிலும் உழைத்து அனுப்பிய பணத்தால் தந்தையின் உத்தரவுக் காணியில் கல்வீடெழுப்பிய மகள்மாருக்கு இதன் பொருள் பெரிது. ஆயினும் அட்டவணை செயற்படுவது பெயர் குறிப்பிடப்படாத இடத்தில்தான். பத்திரமுடையவர் தம் வாழ்நாளிலேயே மனைவியையோ மகளையோ பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கலாம். அப்பெயர் குறிப்பீடு அவர் இறக்குமுன் காணிப் பதிவகத்திற் பதியப்படாவிடின் செல்லாது. பிரதேச செயலகத்தில் நடமாடும் காணிச் சேவை நடைபெறும் நாட்களில் அதற்குரிய படிவத்தைக் கேட்டுப் பெறலாம்.